பதற்றம், எரிச்சல்: ஆங்கில மரபுத்தொடர்களைப் பிசகில்லாமல் கையாள ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ லண்டன், டொராண்டோ, சிகாகோ பக்கம் புதிதாகப் போயிருப்பவர்கள், ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தினமும் போனில் பேச வேண்டியவர்கள் என்று மூன்று தரப்பினரை மனதில் வைத்து எழுதியது இது. "படபடப்பாக இருக்கிறது", "அவர் இன்று எல்லார் மேலும் எரிந்து விழுகிறார்" என்ற இரண்டையும் சொல்ல ஆங்கிலத்தில் ஏராளமான தொடர்கள் இருக்கின்றன. பெரும்பாலானோர் அவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலில் எல்லாமே 'பயம்' அல்லது 'கோபம்' என்று ஒரே பொருளோடு இருக்கும். அதனால்தான் தேர்வுக்குப் பயப்படுகிறவர் 'கோல்ட் ஃபீட்' என்கிறார்; அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி விளையாட்டாகச் சொன்ன ஒரு தொடர் அவமதிப்பாகப் போய் முடிகிறது. கீழே சொல்லும் வரிசையில் போனால் இந்தச் சிக்கல் வராது.

1. அடிப்படைச் சொற்களை முதலில் சரிசெய்யுங்கள்

மரபுத்தொடருக்குப் போகும் முன் மூன்று சாதாரணச் சொற்களைப் பாருங்கள். இவை பிசகினால் மேலே எதைக் கட்டினாலும் நிற்காது.

முதலாவது 'டென்ஷன்'. தமிழ்ப் பேச்சில் இது ஊறிப்போன சொல். 'ஐ ஆம் டென்ஷன்', 'டோன்ட் டேக் டென்ஷன்' இரண்டும் நம் ஊரில் செல்லும், வெளியே செல்லாது. அங்கே 'டென்ஷன்' பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவில் நிலவும் இறுக்கத்தையோ, கயிற்றின் இழுவிசையையோ குறிக்கும். உங்கள் நிலையைச் சொல்ல 'ஐ'ம் டென்ஸ்' அல்லது 'ஐ'ம் ஸ்ட்ரெஸ்ட்' என்று சொல்லுங்கள். அடுத்தவரைத் தேற்ற 'டோன்ட் வொர்ரி' போதும்.

இரண்டாவது 'இரிட்டேட்டிங்'. 'ஐ ஆம் இரிட்டேட்டிங்' என்றால் 'நான் மற்றவர்களை எரிச்சலூட்டுகிறவன்' என்று ஆகிவிடும். இப்போது எரிச்சலாக இருந்தால் 'இரிட்டேட்டட்'. சட்டென்று எரிச்சல்படும் சுபாவம் அல்லது மனநிலை என்றால் 'இரிட்டபிள்'.

மூன்றாவது 'ஆங்ஷியஸ்'. பின்னால் 'அபவுட்' வந்தால் கவலை. 'டு' வந்தால் ஆவல். 'ஆங்ஷியஸ் டு மீட் யூ' என்றால் உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்று பொருள், பயம் அல்ல.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவு

காசு கொடுத்து 'ஆயிரம் மரபுத்தொடர்கள்' மாதிரிப் புத்தகம் வாங்காதீர்கள். எந்த நாட்டில், எந்தத் தொனியில் வழங்குகிறது என்ற குறிப்பு பெரும்பாலும் அவற்றில் இருக்காது. நமக்கு வேண்டியதே அந்தக் குறிப்புதான்.

இலவசமாகக் கிடைப்பவையே போதும். கேம்பிரிட்ஜ், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் ஆகிய மூன்று கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் 'யூகே', 'யூஎஸ்', 'இன்ஃபார்மல்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்' என்று சிறிய எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன் அந்த முத்திரையைப் படியுங்கள். அமெரிக்க வழக்குக்கு மெரியம்-வெப்ஸ்டர். கொச்சைச் சொல் என்றால் கிரீன்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் ஸ்லாங். இரண்டும் இணையத்தில் இலவசம்.

தோற்றம் பார்க்கப் பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிதான் கடைசி வார்த்தை. முழுப் பதிவுகளைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் பிரிட்டனில் இருப்பவர்கள் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. அங்கே பல பொது நூலகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைத் திறந்துவிட்டிருக்கின்றன. நூலக அட்டை எண்ணைப் போட்டால் உள்ளே போகலாம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்று ஒன்று கேட்கலாம். பல்கலைக்கழக மாணவர் என்றால் கல்லூரிக் கணக்கிலேயே திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவற்றோடு ஒரு சொற்தொகுதியும், அதாவது நிஜப் பேச்சையும் எழுத்தையும் திரட்டித் தேடும்படி வைத்திருக்கும் களஞ்சியமும், வேண்டும். சமகால அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகா தொகுதியில் 1990 முதல் 2019 வரையான நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. பேச்சு, நாவல், செய்தித்தாள், ஆய்விதழ் என்று வகை பிரித்துத் தேடலாம். பதிவு செய்தால் இலவசம். ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்ற வரம்பு மட்டும் உண்டு. பிரிட்டிஷ் வழக்குக்குப் பிஎன்சி இருக்கிறது. பத்துக் கோடிச் சொற்கள் கொண்டது. ஆனால் 1990களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டதால் புதிய வழக்குகள் அதில் இருக்காது.

3. பதற்றம்: எந்த வகைப் பதற்றம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு செயலுக்குச் சற்று முன் வரும் படபடப்பு, முடிவு தெரியாமல் காத்திருக்கும் தவிப்பு, எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கவைக்கும் பயம், காரணம் புரியாமல் உடம்பு சிலிர்க்கும் பயம் என்று நான்கு அறைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடர் ஒரு அறையில்தான் இருக்கும். அறை மாறினால் பொருளும் மாறிப்போகும்.

*செயலுக்கு முன்.* 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்'. மேடை ஏறும் முன், நேர்காணலுக்கு முன், பிடித்தவரைச் சந்திக்கும் முன் சொல்வது. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து, குடலுக்குப் போகும் இரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிற்றில் ஏதோ படபடப்பது அதனால்தான். இதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் கலந்திருக்கலாம் என்பது முக்கியம். நம்முடைய 'வயிற்றில் புளியைக் கரைத்தது' கெட்ட சேதிக்கு உரியது. அந்த இடத்தில் பட்டர்ஃப்ளையைப் பறக்கவிட்டால் கேட்பவர் குழம்புவார். உறவினர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இந்தத் தொடர் வேண்டவே வேண்டாம்.

'த ஜிட்டர்ஸ்' இதே அறையைச் சேர்ந்தது. 1920களின் அமெரிக்கச் சொல். 'ஐ'வ் காட் த ஜிட்டர்ஸ்' என்று முன்னால் 'த' சேர்த்துச் சொல்ல வேண்டும். பங்குச்சந்தைச் செய்திகளில் 'மார்க்கெட் ஜிட்டர்ஸ்' என்று தினமும் காதில் விழும்; அங்கே 'த' தேவையில்லை.

*காத்திருக்கும் தவிப்பு.* இங்கேதான் 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' வருகிறது. தோற்றம் ஐயமின்றித் தெரிந்த தொடர் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'டென்டர்' என்பது இங்கிலாந்தின் கம்பளித் துணித் தொழிலில் பயன்பட்ட மரச் சட்டம். நெய்த கம்பளியை நனைத்து, மிதித்து, அடித்து இறுக்குவார்கள். ஈரத்தோடு அப்படியே காயவிட்டால் துணி கோணல்மாணலாகச் சுருங்கிவிடும். அதனால் திறந்தவெளியில் நீளமாக நட்டிருக்கும் சட்டத்தில் துணியை விரித்து, மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் வரிசையாக அடித்திருக்கும் வளைந்த ஆணிகளில் ஓரங்களை மாட்டி, விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். அந்த ஆணிதான் 'டென்டர்ஹுக்'. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் 'டென்டர் கிரவுண்ட்' என்ற தெருப் பெயர் இன்றும் இருக்கிறது. 1748இல் வெளிவந்த ஸ்மாலெட்டின் 'ரோடரிக் ரேண்டம்' நாவலில், நிச்சயமின்மையின் டென்டர்ஹுக்குகளில் ஒருவனை விட்டுவிட்டு வந்ததாக ஒரு வரி வருகிறது.

தோற்றம் தெரிந்தால் பயன்பாடும் தானே பிடிபடும். துணி தானாகப் போய் ஆணியில் மாட்டிக்கொள்வதில்லை. வேறொருவர் இழுத்து மாட்டுகிறார். அதுபோல, முடிவு அடுத்தவர் கையில் இருக்கும்போதுதான் இந்தத் தொடர் பொருந்தும். விசா முடிவு, தேர்வு முடிவு, ஸ்கேன் அறிக்கை என்றால் பொருத்தம். நீங்களே நாளை மேடையில் பேசப் போகிறீர்கள் என்றால் பொருத்தமில்லை. 'கெப்ட் அஸ் ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்ற வடிவம் அடிக்கடி வரும். எழுத்தில் ஒரு பிழையைத் தவிருங்கள்: நடுவில் வருவது 'டேபிள்' தொடங்கும் எழுத்து, 'டாக்டர்' தொடங்கும் எழுத்து அல்ல. ஆங்கிலேயர்களே இதைத் தப்பாக எழுதுகிறார்கள். நேர்காணலுக்குப் பிந்தைய மின்னஞ்சலில் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

அமெரிக்கர்கள் அதே பொருளில் 'ஆன் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பார்கள். இங்கே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 'ஆன்' இருந்தால் தவிப்பு. 'ஆன்' இல்லாமல் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கை கால் மரத்துப்போய் ஊசி குத்துவது போன்ற உணர்வு. மருத்துவரிடம் 'ஐ ஹேவ் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்று சொன்னால் அவர் நரம்புப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று கேட்க ஆரம்பிப்பார்.

'வித் பேட்டட் பிரெத்' என்பதும் காத்திருப்புதான். ஷேக்ஸ்பியரின் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' முதல் அங்கத்தில் வருகிறது. 'அபேட்' என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். மூச்சை அடக்கிக்கொண்டு என்று பொருள். எழுதும்போது உள்ளே 'ஐ' எழுத்தைச் சேர்த்துவிட்டால் தூண்டில் இரை ஆகிவிடும். இன்று இந்தத் தொடர் பெரும்பாலும் கொஞ்சம் கேலியோடு வழங்குவதால் உண்மையான கவலைக்கு இதை எடுக்காதீர்கள்.

*பின்வாங்கும் பயம்.* 'கெட் கோல்ட் ஃபீட்'. 1890களின் அமெரிக்க வழக்கு. ஒப்புக்கொண்ட ஒன்றை நெருங்க நெருங்கத் தயங்குவது. கல்யாணம், வீட்டுப் பத்திரம், வேலை மாற்றம் போன்றவற்றுக்கு. முன்பே ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும், அதிலிருந்து விலகலாமா என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் இது தவறு. 'நாளை பரீட்சை, எனக்கு கோல்ட் ஃபீட்' என்றால் நீங்கள் பரீட்சை எழுதப் போவதில்லை என்றுதான் கேட்பவருக்குப் படும். புதிய வேலையில் சேரும் முன் மனிதவளத் துறையிடம் வாய்தவறிக்கூட இதைச் சொல்லாதீர்கள். சேரத் தயங்குகிறீர்கள் என்று பதிவாகிவிடும்.

*சிலிர்க்கும் பயம்.* 'த கிரீப்ஸ்', 'த வில்லீஸ்', 'த ஹீபி-ஜீபீஸ்'. மூன்றுமே 'கிவ்' வினையோடு வரும்: 'தட் பிளேஸ் கிவ்ஸ் மீ த கிரீப்ஸ்'. முதலாவது, 1849-50இல் தொடராக வந்த டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் முதுகில் ஊரும் குளிராக வருகிறது. மூன்றாவதை 1923இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் பில்லி டிபெக். 1926இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அதே பெயரில் ஒரு பாடலைப் பதிவு செய்தபின் அது எங்கும் பரவியது. இடம், ஒலி, பூச்சி போன்றவற்றுக்கு இவற்றைச் சொல்லலாம். ஒரு மனிதரைப் பற்றி 'கிரீப்ஸ்' என்றால் அது கனமான குற்றச்சாட்டு. அவர் நடத்தை சரியில்லை என்று நீங்கள் சொல்வதாக ஆகும். யோசித்துச் சொல்லுங்கள்.

இந்த நான்கு அறைகளிலும் அடங்காதது இருப்புக் கொள்ளாத நிலை. அதற்கு பிரிட்டனில் 'லைக் எ கேட் ஆன் ஹாட் பிரிக்ஸ்', அமெரிக்காவில் 'லைக் எ கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'. ஜான் ரே 1678இல் அச்சிட்ட பழமொழித் தொகுப்பில் இதே பூனை ரொட்டி சுடும் சூடான கல்லின்மேல் நிற்கிறது. தகரக் கூரையை உலகம் அறியச் செய்தது டென்னசி வில்லியம்ஸின் 1955ஆம் ஆண்டு நாடகம். உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடப்பவரைப் பார்த்துச் சொல்லலாம். அசையாமல் உள்ளுக்குள் மருகுகிறவருக்கு இது பொருந்தாது.

4. எரிச்சல்: குணமா, இன்றைய மனநிலையா, ஒரு சம்பவமா

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாயைத் திறந்தால் ஒரு நாள் கோபத்தை ஒருவரின் பிறவிக் குணமாக மாற்றிவிடுவீர்கள்.

இன்று மட்டும் சிடுசிடுப்பு என்றால் அமெரிக்காவில் 'வோக் அப் ஆன் த ராங் சைட் ஆஃப் த பெட்', பிரிட்டனில் 'காட் அவுட் ஆஃப் பெட் ஆன் த ராங் சைட்'. சொல் வரிசை மாறுவதைக் கவனியுங்கள். பிரிட்டனில் 'லைக் எ பேர் வித் எ சோர் ஹெட்' என்றும் கேட்பீர்கள். இவை லேசானவை, நண்பர்களுக்குள் தாராளமாகச் சொல்லலாம். பசியால் வரும் எரிச்சலுக்கு 'ஹேங்க்ரி'. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 2018இல் இதைச் சேர்த்துக்கொண்டது. பேச்சுக்கு நல்லது, அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது.

குணம் என்றால் 'ஹேஸ் எ ஷார்ட் ஃபியூஸ்'. அதே 'ஃபியூஸ்' இன்னொரு தொடரிலும் வருகிறது: 'ப்ளூ எ ஃபியூஸ்'. இரண்டும் வேறு வேறு பொருள்கள், பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். முதலாவது வெடிமருந்தின் திரி. கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்ட் 1831இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் திரி அடிக்கு ஏறக்குறைய அரை நிமிடம் எரியும். திரி நீளமாக இருந்தால் ஆள் ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும், குட்டையாக இருந்தால் இல்லை. எனவே இது எப்போதும் ஒருவரின் சுபாவம். 'ஹேவ்' வினையோடு வரும். இரண்டாவது மின்சார ஃபியூஸ். தாங்க முடியாத மின்னோட்டம் வந்தால் உருகி அறும் கம்பி. எனவே இது ஒரு முறை நடந்த சம்பவம், 'பில்லைப் பார்த்ததும் ஃபியூஸ் போனது' என்கிற மாதிரி. பொறுமைசாலியும் 'ப்ளோ எ ஃபியூஸ்' செய்யலாம். அதனால் அவர் 'ஷார்ட் ஃபியூஸ்' ஆசாமி ஆகிவிட மாட்டார்.

'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' என்பதும் சம்பவம்தான். கோடரியின் காம்பு தளர்ந்து, ஓங்கும்போது இரும்புத்தலை கழன்று பறப்பது. நோவா ஸ்கோஷியா எழுத்தாளர் ஹாலிபர்ட்டனின் 1840கள் எழுத்தில் இது 'ஒன்றுமில்லாததற்கு' என்ற தொடர்ச்சியோடு வருகிறது, இன்றும் அப்படித்தான். காரணம் சின்னது, கோபம் பெரியது என்ற விமர்சனம் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே மேலாளரின் நியாயமான கோபத்தை இப்படிச் சொல்லக் கூடாது.

எரிச்சலூட்டும் பொருளை முன்னிறுத்த வேண்டுமென்றால் 'கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்', 'செட்ஸ் மை டீத் ஆன் எட்ஜ்'. முதலாவது திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்கு. இரண்டாவது கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிடுவது போன்ற ஒலிக்கும், அதே மாதிரி உறுத்தும் பேச்சுக்கும். இதற்கு வேர் விவிலியம். எரேமியா 31:29இலும் எசேக்கியேல் 18:2இலும், தகப்பன்மார் புளித்த திராட்சை தின்ன, பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழி வருகிறது. தமிழ் விவிலியத்திலும் அதே பல் கூச்சம்தான். தமிழ் வாசகருக்கு இதைவிட எளிதாக மனதில் நிற்கும் ஆங்கிலத் தொடர் இந்த வரிசையில் இல்லை. 'ஆன் எட்ஜ்' என்று மட்டும் சொன்னால் அது பதற்றத்தோடு கூடிய சிடுசிடுப்பு. அதிலிருந்து வந்த 'எட்ஜி'யிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'ஷீ இஸ் எட்ஜி டுடே' என்றால் பதற்றம். 'எட்ஜி டிசைன்' என்றால் துணிச்சலான, வழக்கத்தை மீறிய வடிவமைப்பு, பாராட்டு.

'சிப் ஆன் ஹிஸ் ஷோல்டர்' தனி வகை. பழைய மனக்குறை ஒன்றைச் சுமந்துகொண்டு எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவர். 1830இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பத்திரிகை ஒன்று, மல்லுக்கட்ட நினைக்கும் பையன்கள் தோளில் மரச்சிராய் ஒன்றை வைத்து 'முடிந்தால் தட்டிவிடு பார்க்கலாம்' என்று சவால் விடுவதைப் பதிந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் பிறர் மேல் பயன்படுத்தாதீர்கள். ஒருவரின் உண்மையான குறையை, குறிப்பாக இனம், வர்க்கம் சார்ந்த குறையை, வெறும் சிடுமூஞ்சித்தனமாக ஒதுக்குவதற்கு இந்தத் தொடர் பயன்பட்டு வந்திருக்கிறது. உங்களைப் பற்றி யாராவது இப்படி எழுதினால் அது பாராட்டு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

5. தோற்றக் கதையைச் சோதிக்காமல் நம்பாதீர்கள்

தோற்றம் மனதில் நிறுத்த உதவும் என்பது உண்மை. ஆனால் இணையத்தில் உலவும் கதைகளில் கணிசமானவை பின்னால் கட்டப்பட்டவை. ஒரு தொடருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் சோதித்துவிடலாம்.

முதலில் கதை எந்தக் காலத்தைச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தொடர் எழுத்தில் முதலில் கிடைக்கும் ஆண்டைப் பெரிய அகராதியில் பாருங்கள். கதையில் வரும் பொருளுக்கு முன்பே தொடர் இருந்தால் கதை பொய். 'அவுட் ஆஃப் சார்ட்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு. அச்சுக்கோப்பவரிடம் ஒரு குறிப்பிட்ட எழுத்தச்சு தீர்ந்துபோனால் வரும் எரிச்சலிலிருந்து பிறந்தது என்று எல்லாத் தளங்களும் சொல்லும். ஆனால் உடம்பும் மனமும் சரியில்லை என்ற பொருளில் இது 1600களின் முற்பகுதியிலேயே இருக்கிறது. எழுத்தச்சைக் குறிக்கும் 'சார்ட்' அதற்குப் பின்னால்தான் பதிவாகிறது.

அடுத்து, தொடருக்கும் கதைக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். என்னை எரிச்சலூட்டுவது என்ற பொருள் கொண்ட 'கெட் மை கோட்' (என் ஆட்டைப் பிடிப்பது) என்பதற்குப் பந்தயக் குதிரையைச் சாந்தப்படுத்த லாயத்தில் கட்டிவைத்த ஆட்டை எதிராளி திருடிவிட்டான் என்று ஒரு கதை. குதிரைக்குத் துணையாக ஆடு கட்டுவது நிஜம்தான். ஆனால் தொடர் பிறந்த காலத்தில் யாரும் குதிரையோடு இதை இணைத்து எழுதவில்லை. மாறாக, 1904இல் வந்த அமெரிக்கச் சிறை வாழ்க்கை பற்றிய நூலொன்றின் கொச்சைச் சொல் பட்டியலில் 'கோட்' என்பதற்குக் கோபம் என்றே பொருள் தந்திருக்கிறது. 'த வில்லீஸ்' என்பதை 1841ஆம் ஆண்டின் 'ஜிசெல்' பாலேயில் வரும் 'விலி' என்ற ஆவிகளோடு முடிச்சுப் போடுவதும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதது.

கூகுள் புக்ஸில் ஆண்டு வரம்பு வைத்துத் தேடுவது நல்ல பழக்கம். ஒரு பொறி மட்டும் உண்டு: பத்திரிகைகளுக்குப் பல நேரம் அந்த இதழ் தொடங்கிய ஆண்டே பதிவு ஆண்டாக ஏறியிருக்கும். 1860 என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால் 1932ஆம் ஆண்டு இதழாக இருக்கலாம். அட்டைப் பக்கத்தின் படத்தையும் அந்தப் பக்கத்திலுள்ள தேதியையும் கண்ணால் பார்த்தபின் மட்டும் எண்ணை நம்புங்கள். ஒரு சொல் புத்தகங்களில் ஆண்டுவாரியாக எவ்வளவு வருகிறது என்று கூகுள் காட்டும் என்கிராம் வரைபடத்தில் மிகப் பழைய காலத்தில் திடீரென்று ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கோளாறுதான் பெரும்பாலும்.

6. நாடு மாறினால் சொல் மாறும்

பிரிட்டனில் 'ஹைலி ஸ்ட்ரங்', அமெரிக்காவில் 'ஹை-ஸ்ட்ரங்'; இறுக்கி முறுக்கிய நரம்புக் கருவி போன்ற ஆள். பொறுமை தீர்ந்துவிட்டது என்பதற்கு பிரிட்டனில் 'அட் த எண்ட் ஆஃப் மை டெதர்', அமெரிக்காவில் 'டெதர்' இடத்தில் 'ரோப்'. மேயும் மாட்டின் கயிறு அதற்கு மேல் எட்டாது என்பதுதான் இரண்டுக்கும் உள்ளே இருப்பது. ஒருவரை எரிச்சலூட்டுவதற்கு பிரிட்டனில் 'ரப் அப் த ராங் வே', அமெரிக்காவில் 'அப்' கழன்றுவிடும்.

இவற்றில் பிசகினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிசகக் கூடாத இரண்டு இருக்கின்றன. 'மேட்' என்றால் அமெரிக்காவில் பெரும்பாலும் கோபம், பிரிட்டனில் பெரும்பாலும் பைத்தியம். பின்னால் 'அட்' போட்டால் இரு பக்கமும் கோபம் என்றே புரியும். 'பிஸ்ட்' அமெரிக்காவில் கடுங்கோபம், பிரிட்டனில் குடிபோதை, இரண்டுமே கொச்சை. 'என் மேலாளர் நேற்று மீட்டிங்கில் பிஸ்ட்' என்று லண்டனில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'அனாய்ட்' என்ற சாதாரணச் சொல் எல்லா ஊரிலும் செல்லும்.

7. எலும்புக்கூட்டோடு சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்

தொடரைத் தனியாக எழுதிவைக்காதீர்கள். வினை, முன்னிடைச்சொல், ஒருமை பன்மை எல்லாம் சேர்த்து முழு வாக்கியமாக எழுதுங்கள். 'ஹேவ் பட்டர்ஃப்ளைஸ்' பன்மை. ஒரே ஒரு பட்டர்ஃப்ளை இன்று வழக்கில் இல்லை. 'கெட் கோல்ட் ஃபீட்' வரும், 'கெட் எ கோல்ட் ஃபுட்' வராது. 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பதில் நடுவே 'த' இல்லை. 'ரெய்ஸ் ஹேக்கிள்ஸ்' என்றால் ஒரு கருத்து பலரைச் சீண்டியது என்று பொருள். சேவலின் கழுத்து இறகும் நாயின் பிடரி முடியும் சிலிர்ப்பது. மனிதர் 'ரெய்ஸ்' செய்வதைவிட, அறிக்கையோ முடிவோ செய்வதாகத்தான் செய்தித்தாளில் அதிகம் பார்ப்பீர்கள்.

சந்தேகம் வந்தால் தொகுதியில் இரு வடிவங்களையும் தேடி, எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு நூற்றுக்கணக்கிலும் மற்றொன்றுக்கு ஒற்றை இலக்கத்திலும் வந்தால் கேள்விக்கே இடமில்லை.

8. எங்கே வாயைத் திறக்கலாம்

*ஐஈஎல்டிஎஸ்.* பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். மதிப்பெண்ணில் சொல்வளம் நான்கில் ஒரு பங்கு. ஏழாம் பேண்டுக்கான விளக்கத்தில் மரபுத்தொடர் பயன்பாடு குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டாம் பகுதியில், அந்த இரண்டு நிமிடப் பேச்சில், இடம் பொருந்தினால் ஒன்று போதும். 'ஒரு முக்கியமான நாளை விவரி' என்று அட்டையில் வந்தால் பட்டர்ஃப்ளை தானாக வரும். நான்கைந்தைத் திணித்தால் மனப்பாடம் என்று தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். 250 சொல் எழுதும் இரண்டாம் கட்டுரையில் ஒன்றுகூட வேண்டாம். அது முறைசார் எழுத்து.

*மருத்துவர்.* பிரிட்டனில் குடும்ப மருத்துவரிடம் கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடம். அங்கே மரபுத்தொடர் நேர விரயம், சில நேரம் ஆபத்தும்கூட. ஒரே பதற்றமாக இருக்கிறேன் என்ற பொருளில் 'பேக் ஆஃப் நெர்வ்ஸ்' என்று சொல்வதற்குப் பதிலாக, நெஞ்சு படபடப்பு எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை தடவை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எரிச்சலும் அப்படித்தான், 'ஷார்ட் ஃபியூஸ்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அது குணம் என்று விட்டுவிடுவார்கள். முன்பு இப்படி இல்லை, இத்தனை வாரமாகத்தான் என்று கால அளவோடு சொன்னால்தான் விசாரிப்பார்கள்.

*அலுவலகம்.* உங்களைப் பற்றி நீங்களே சொல்வது பெரும்பாலும் பாதுகாப்பு. அடுத்தவரைப் பற்றிச் சொல்வது எப்போதும் அபாயம். 'நெர்வஸ் நெல்லி' பெண்ணின் பெயரால் கோழையைக் குறிப்பது. 1920களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஃபிராங்க் கெல்லாக்குக்கே இந்தப் பட்டப்பெயர் இருந்தது. சின்ன விஷயத்துக்குக் கொதிப்பதை 'நிக்கர்ஸ் இன் எ ட்விஸ்ட்' என்று பிரிட்டனில் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், ஆனால் உள்ளாடையைச் சொல்லும் தொடர். பெண் சக ஊழியரிடம் சொன்னால் புகாராகலாம். இரண்டையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதோடு நிறுத்துங்கள். எழுத்தில் போகும் எதிலும், குறிப்பாகப் பணி மதிப்பீட்டில், ஒருவரின் கோபத்தை மரபுத்தொடரால் வருணிக்க வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள்.

9. கால அட்டவணை

வாரத்துக்கு இரண்டு தொடர் போதும். ஒன்று பதற்றம், ஒன்று எரிச்சல். திங்களன்று அகராதி முத்திரையும் பொருளும். செவ்வாய், புதனில் தொகுதியிலிருந்து நிஜ வாக்கியம் ஐந்து ஐந்தாக எடுத்து, எந்த அறை, எந்த வினை என்று அடிக்கோடிடுங்கள். வியாழனன்று தோற்றத்தைச் சோதியுங்கள். கதை பொய் என்று தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பிறகு உண்மை என்றே நினைவில் தங்கிவிடும். யூக்ளிஷ் தளத்தில் தொடரைத் தட்டச்சு செய்தால் அதை உச்சரிக்கும் காணொளித் துண்டுகள் வரும். நாட்டைத் தேர்ந்தெடுத்து, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வார இறுதியில் யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நெற்றியைச் சுருக்கினால் அதே இடத்தில் எளிய சொல்லில் மாற்றிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். வீட்டுக்கு வந்து எது பிசகியது, அறையா, நாடா, இலக்கணமா என்று பார்த்து நோட்டில் திருத்துங்கள்.

இந்த வேகத்தில் மூன்று மாதத்தில் இருபத்துநான்கு தொடர்கள் கைக்கு வரும். அதில் பத்தையாவது பேசுவதற்கு இல்லாமல் கேட்பதற்கு மட்டும் என்று தனிப் பக்கத்தில் ஒதுக்கிவையுங்கள். 'சிப்', 'நெல்லி', 'நிக்கர்ஸ்' மூன்றும் அந்தப் பக்கத்தில் முதலில் ஏறட்டும்.